யாருக்கும் வேண்டாத தண்ணீர்

(பூநாரைகளைப் பற்றி நூலக வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பூநாரையைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். நான் முதலில் தண்ணீரைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அதுவும் குடிக்க முடியாத, குளிக்க முடியாத, பயிருக்குப் பாய்ச்ச முடியாத தண்ணீர். வேதாரண்யம் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். கோடியக்கரைக்குப் போகும் வழியில் உப்பளங்கள். அவற்றைத் தாண்டினால் கண்ணுக்கு எட்டிய மட்டும் சேற்றுவெளி. ஐப்பசி கார்த்திகையில் கணுக்கால், முழங்கால் அளவு நீர் நிற்கும். சித்திரை வைகாசியில் அதே இடம் வெடித்து, வெள்ளை பூத்துக் கிடக்கும். இடைப்பட்ட மாதங்களில் வெயில் ஏற ஏற அந்த நீர் கடல்நீரைவிடப் பல மடங்கு உப்பாகிவிடும். மீன் சாகும். கோரை கூட முளைக்காது. அரசுக் கணக்கில் இப்படிப்பட்ட நிலங்களுக்குத் தரிசு, புறம்போக்கு என்றுதான் பெயர்.

ஆனால் மீன் சாகும் நீரில் சாகாத உயிர்கள் சில உண்டு. ஆர்ட்டீமியா என்று ஒரு பொடி இறால் இருக்கிறது. இறால் பண்ணை வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். குஞ்சு பொரிப்பகங்களில் இறால் குஞ்சுக்கு இதுதான் தீனி. உப்பளப் பாத்தியில் நீர் செம்மண் நிறத்தில் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். இதோடு உப்புநீரில் வளரும் ஈக்களின் புழுக்கள், நுண்பாசிகள். தங்களைத் தின்ன மீன் இல்லை என்பதால் இவை கோடிக்கணக்கில் பெருகிவிடும். அத்தனை தீனி, போட்டிக்கு ஆளில்லை. எடுப்பதுதான் கஷ்டம். ஒவ்வொன்றும் அரிசியைவிடச் சிறியது, சேற்றோடும் உப்போடும் கலந்து கிடக்கிறது. கொக்கைப்போல ஒவ்வொன்றாகக் கொத்தினால் ஒரு நாள் முழுக்கக் கொத்தினாலும் வயிறு நிறையாது.

இந்தச் சிக்கலுக்கு உடம்பையே விடையாக்கிக்கொண்ட பறவைதான் பூநாரை. அதன் வளைந்த அலகு, நீண்ட கால், நிறம், கூட்டம், ஒற்றை முட்டை எல்லாமே வேறு யாருக்கும் வேண்டாத தண்ணீரில் குடித்தனம் நடத்துவதற்கான ஏற்பாடுகள் என்பது என் கட்சி. அதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

அலகிலிருந்து தொடங்குவோம். பூநாரையின் படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள், அப்போதுதான் அந்த முகம் சரியாக அமையும். ஏனென்றால் அது சாப்பிடுவதே தலைகீழாகத்தான். கழுத்தை வளைத்துக் கீழே விட்டு, உச்சந்தலை சேற்றைப் பார்க்க, அலகின் நுனி தன் கால்களைப் பார்க்க நிற்கும். அப்போது மேலலகு கீழே வந்துவிடுகிறது, கீழலகு மேலே போய்விடுகிறது. பெரும்பாலான பறவைகளுக்கு மேலலகு பெரிது, கீழலகு சிறிது. பூநாரைக்கு நேர்மாறு. கீழலகுதான் ஆழமான தொட்டி. மேலலகு அதன்மேல் பொருந்தும் மெல்லிய மூடி. அந்த மூடி தாராளமாக அசையவும் செய்யும்.

தொட்டிக்குள் கிடப்பது தடித்த, சதைப்பிடிப்பான நாக்கு. தெருமுனை அடிகுழாயில் பிஸ்டன் ஏறி இறங்குகிறதே, அதே வேலையை இந்த நாக்கு செய்கிறது. பின்னுக்கு இழுத்தால் நீர் உள்ளே வரும், முன்னுக்குத் தள்ளினால் வெளியே போகும். அலகின் ஓரங்களில் வரிசை வரிசையாக இருக்கும் மெல்லிய தகடுகளில் தீனி மட்டும் தங்கிவிடும். பெரிய பூநாரை நொடிக்கு நாலைந்து முறை இப்படி அடிக்கும். சிறிய பூநாரை நொடிக்கு இருபது முறை வரை அடிக்கும். பழைய ரோமாபுரிச் செல்வந்தர்கள் இந்த நாக்கை அரிய பதார்த்தமாகத் தட்டில் வைத்துத் தின்றிருக்கிறார்கள். ஆள் உயரப் பறவையை அடித்து நாக்கை மட்டும் எடுப்பது என்ன ருசியோ, ரோமாபுரி விழுந்ததில் எனக்கு வியப்பில்லை.

உலகில் பூநாரை இனங்கள் மொத்தம் ஆறு. நம் நாட்டுக்கு உரியவை பெரிய பூநாரையும் சிறிய பூநாரையும். பெரியது நாலடிக்கு மேல் உயரம், வெளிறிய உடல், இளஞ்சிவப்பு அலகில் கறுப்பு நுனி. சிறியது மூன்றடிக்குள், உடல் நிறம் அடர்த்தி, அலகு கறுஞ்சிவப்பு. இரண்டும் ஒரே ஏரியில் நிற்கும், சண்டை வராது. பெரியதன் சல்லடைக் கண் பெரிது; அது அடிச்சேற்றுக்குள் தலையை அமிழ்த்தி இறால், புழு, சிறு நத்தை, விதை என்று எடுக்கும். சிறியதன் சல்லடை மிக நுணுக்கம்; அது நீரின் மேற்பரப்பிலேயே பாசியை வடித்துக் குடிக்கும். அந்தப் பாசியின் பெயர் ஸ்பைருலினா. ஆமாம், நம் மருந்துக்கடைகளில் சத்து மாத்திரையாக விற்பதேதான்.

அலகை வெறும் சல்லடை என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். 2025இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு அந்த எண்ணத்தை மாற்றிவிட்டது. விலங்குக் காட்சிச்சாலையில் வளர்ந்த சிலி நாட்டுப் பூநாரைகளுக்கு ஆழமில்லாத தொட்டியில் தீனி வைத்து, நீரோட்டத்தைக் கண்ணுக்குத் தெரியும்படி செய்து படம்பிடித்தார்கள். பறவை தலையை நீருக்குள்ளிருந்து விருட்டென்று மேலே இழுக்கிறது, நொடிக்கு 40 சென்டிமீட்டர் வேகத்தில். அந்த இழுப்பில் ஒரு சிறு சுழல் கிளம்பி, அடியில் கிடப்பதைத் தூக்கிவிடுகிறது. நொடிக்குப் பன்னிரண்டு முறை அலகைத் தட்டி இன்னொரு சுழல். சவ்வுக்காலை மிதித்து மிதித்து மூன்றாவது சுழல். கரையில் நின்று பார்ப்பவர்கள் பூநாரை ஒரே இடத்தில் நின்று நடனமாடுகிறது என்பார்கள். உண்மையில் அது வலை வீசிக்கொண்டிருக்கிறது.

அடுத்தது நிறம். எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான், நான் வேண்டுமென்றே இரண்டாவதாக வைத்தேன். ஏனென்றால் நிறம் தீனியின் கணக்கு. முட்டையிலிருந்து வரும் குஞ்சு சாம்பல் நிறம். ரோஜா நிறம் முழுதாக ஏற இரண்டு மூன்று ஆண்டுகளாவது ஆகும். நுண்பாசிகள் கரோட்டினாய்டு என்ற நிறமிகளை உண்டாக்குகின்றன. கேரட்டுக்கு நிறம் தரும் அதே குடும்பம். பாசியைத் தின்ற இறாலிலும் அது சேர்கிறது. இரண்டையும் தின்ற பூநாரையின் கல்லீரல் அந்த நிறமியை வேண்டியபடி மாற்றி, இறகுக்கும் கால் தோலுக்கும் முட்டையின் மஞ்சள் கருவுக்கும் அனுப்புகிறது. காட்சிச்சாலைகளில் வெறும் தானியம் போட்டு வளர்த்த காலத்தில், ஒவ்வொரு முறை இறகு உதிர்ந்து முளைக்கும்போதும் பறவை வெளுத்துக்கொண்டே போனது. இப்போது தீனியிலேயே நிறமியைக் கலந்து கொடுக்கிறார்கள்.

இதில் இன்னும் சுவையான சங்கதி ஒன்று. ஸ்பெயினில் பெரிய பூநாரைகளைப் பல மாதம் தொடர்ந்து கவனித்தவர்கள் 2011இல் எழுதினார்கள்: இவை ஒப்பனை செய்துகொள்கின்றன. வாலடியில் எண்ணெய்ச் சுரப்பி ஒன்று பெரும்பாலான பறவைகளுக்கு உண்டு. பூநாரையின் எண்ணெயில் இந்த நிறமி கலந்திருக்கிறது. ஜோடி சேரும் பருவத்தில் கன்னத்தை அந்தச் சுரப்பியில் தேய்த்து, கழுத்திலும் மார்பிலும் முதுகிலும் பூசிக்கொள்கிறது. ஆணைவிடப் பெண் அதிகம் பூசுகிறது. நன்றாகப் பூசியவை முந்திக் கூடு கட்டுகின்றன. குஞ்சு பொரித்ததும் பூச்சு நின்றுவிடுகிறது, வெயிலில் நிறம் மங்கிவிடுகிறது. ஆணும் பெண்ணும் கூட்டமாகச் சேர்ந்து தலையை இடமும் வலமும் வெட்டி, சிறகை விரித்து உள்ளே இருக்கும் கறுப்பையும் சிவப்பையும் காட்டி, அணிவகுத்து நடப்பதும் இந்தப் பருவத்தில்தான். காதல் பறவை என்று கல்யாணப் பத்திரிகையில் அச்சடிப்பவர்களுக்கு ஒரு தகவல்: பிரான்சின் தெற்குக் கரையில் காலில் அடையாள வளையமிட்டுப் பார்த்ததில், ஏறக்குறைய எல்லாப் பெரிய பூநாரைகளும் அடுத்த பருவத்தில் துணையை மாற்றிக்கொண்டிருந்தன.

குஞ்சுக்கு ஊட்டுவது பால். வியக்க வேண்டாம், புறாவும் இப்படித்தான் செய்கிறது. தொண்டைக்குள் இரைப்பாதையின் உட்சுவர் சுரக்கும் கொழுப்பும் புரதமும் நிறைந்த ஊறல் அது. தாய், தகப்பன் இருவருக்கும் சுரக்கும். பூநாரைப் பாலின் நிறம் ரத்தச் சிவப்பு. சில ஆண்டுகளுக்கு முன் செல்பேசிகளில் ஒரு காணொளி சுற்றியது. இரண்டு பூநாரைகள், ஒன்றின் தலைமேல் மற்றொன்று ரத்தம் கக்குவதுபோல. சண்டை போடுகின்றன என்று பலர் பதறினார்கள். குஞ்சுக்குப் பால் கொடுக்கும் காட்சி அது. சேர்த்து வைத்த நிறமியெல்லாம் பாலில் போய்விடுவதால் பெற்றோர் வெளுத்துவிடும். குஞ்சின் அலகு முதலில் நேராக இருக்கும், வளைந்து சல்லடை முற்றும்வரை அதற்குச் சொந்தமாக வடித்துச் சாப்பிடத் தெரியாது. அதுவரை வேறு வழியில்லை.

பூநாரை ஒற்றைக்காலில் நிற்கும் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பின்பக்கமாக மடங்குகிறதே, அது முழங்கால் அல்ல, கணுக்கால். முழங்கால் மேலே இறகுக்குள் இருக்கிறது. 2017இல் அமெரிக்க ஆய்வாளர் இருவர் இறந்துபோன பூநாரையின் உடலை ஒற்றைக்காலில் நிறுத்திப் பார்த்தார்கள், நின்றது. தசை எதுவும் வேலை செய்யாமலே எலும்பும் மூட்டும் பூட்டிக்கொள்கின்றன. இரண்டு காலில் நிறுத்தினால் அப்படி நிற்கவில்லை. ஆக, நமக்குத் தவமாகத் தெரிவது அதற்கு ஓய்வு. ஒரு காலை இறகுக்குள் வைத்துக்கொண்டால் உடல் வெப்பமும் மிச்சம்.

இனி கூடு. இந்தப் பறவையின் உண்மையான குணம் இங்கேதான் தெரியும்.

குஜராத்தின் கட்ச் பகுதியிலுள்ள பெரிய ரண் நிலத்தை எண்ணிப் பாருங்கள். ஆண்டில் பாதி உப்புப் பாலைவனம், பருவமழைக்குப் பின் ஆழமில்லாத கடல். அதன் நடுவே, நீர்மட்டம் சரியாக அமைந்த ஆண்டில் மட்டும், பூநாரைகள் லட்சக்கணக்கில் வந்து சேற்றைக் குவித்துக் கூடு கட்டும். சுமார் ஒரு அடி உயரத்துக்கு மேடு, உச்சியில் ஒரு குழி, குழியில் ஒரே ஒரு முட்டை. மேட்டின் உச்சியில் தரையைவிடச் சூடு குறைவு. நீர் கொஞ்சம் ஏறினாலும் முட்டை நனையாது. ஒன்றுக்கொன்று கழுத்தெட்டும் தூரத்தில் கூடுகள். மழை பொய்த்தால் அந்த ஆண்டு கூடே கிடையாது. இந்த இடத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கட்ச் மன்னர்தான் வெளியுலகுக்குத் தெரியப்படுத்தினார். 1945இல் மன்னர் குடும்பத்தின் உதவியோடு பறவையியலாளர் சாலிம் அலி ஒட்டகத்தில் போய்ச் சேர்ந்தார். மாதிரிப் பரப்பில் கூடுகளை எண்ணிக் கணக்கிட்டார்: ஒரு லட்சத்துக்கு மேல் கூடுகள், பறவைகள் சுமார் ஐந்து லட்சம். பூநாரை நகரம் என்ற பெயர் இன்றுவரை நிலைத்திருக்கிறது. இன்று அந்த நகரத்தின் பக்கத்தில் நாட்டின் எல்லைக்கோடும் படைக்காவலும் இருப்பதால், சுற்றுலா அங்கே எளிதில் நுழையவில்லை.

சிறிய பூநாரையின் கதை இன்னும் கடுமை. கிழக்கு ஆப்பிரிக்காவில் அவை 15 லட்சத்துக்குக் குறையாமல் இருக்கின்றன. கென்யாவின் நகுரு ஏரியின் கரை ரோஜா நிறமாகத் தெரியும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் எங்கே முட்டையிடுகின்றன என்று யாருக்கும் தெரியாமலே இருந்தது. கென்யாவில் வேளாண் அதிகாரியாக இருந்த லெஸ்லி பிரவுன் 1954இல் விமானத்திலிருந்து கண்டுபிடித்தார்: தான்சானியாவின் நேட்ரான் ஏரி. உலகின் சிறிய பூநாரைகளில் முக்கால்வாசி பிறப்பது அங்கேதான். எரிமலைச் சாம்பலிலிருந்து கரைந்து வந்த சோடா நிறைந்த ஏரி அது. பிரவுன் கூடுகளைப் பக்கத்தில் பார்த்துவிட வேண்டும் என்று சோடாச் சேற்றில் தனியாக நடந்தார். பாதி வழியில் கால்கள் புதைய, பூட்சுக்குள் சோடாப் படிகம் ஏற, தவழ்ந்து திரும்பினார். கால் தோல் வெந்து கறுத்துப்போய் மருத்துவமனையில் கிடந்தார். மனிதக் காலைப் பொசுக்கிய அதே சேற்றில் பூநாரை செதில் படர்ந்த காலோடு நிதானமாக நடந்து குஞ்சு வளர்க்கிறது. கழுதைப்புலியும் நரியும் அந்தச் சேற்றைத் தாண்டி வருவது அரிது. இதைவிடக் கெட்டியான வேலி எங்கே கிடைக்கும்?

ஆனால் வேலி காவலுக்கு மட்டுமில்லை, காவு வாங்கவும் செய்யும். 1962இல் நேட்ரானில் வெள்ளம், பறவைகள் கென்யாவின் மகாதி ஏரிக்கு இடம் மாறி முட்டையிட்டன. அங்கே குஞ்சுகளின் காலில் சோடா இறுகிக் கல்லுத் தண்டையாகப் பூட்டிக்கொண்டது. நடக்க முடியாமல் விழுந்தன. தன்னார்வலர்கள் ஏரிக்குள் இறங்கி, சுத்தியலால் மெல்லத் தட்டித் தட்டி ஆயிரக்கணக்கான குஞ்சுகளை விடுவித்தார்கள். ஆண்டுக்கு ஒரு முட்டை, பல ஆண்டுகள் அதுவும் இல்லை என்ற கணக்கு எப்படிக் கட்டுப்படியாகிறது? ஆயுள் நீளம், அதனால்தான். ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் காட்சிச்சாலையில் 2014இல் இறந்த பெரிய பூநாரைக்கு வயது குறைந்தது 83. அவசரமில்லாத குடும்பம்.

உறவுமுறை பற்றி ஒரு வார்த்தை. பூநாரை கொக்குக்குச் சொந்தமா, வாத்துக்குச் சொந்தமா என்று நூறாண்டு வழக்கு நடந்தது. மரபணு ஆய்வு தீர்ப்புச் சொன்னபோது இரண்டு கட்சிக்காரருக்கும் தோல்வி. அதற்கு மிக நெருங்கிய உறவு முக்குளிப்பான். நம் ஊர்க் குளத்தில், கையளவு உடம்போடு, கல்லைப் போட்டால் முங்கி வேறிடத்தில் எழுமே, அதேதான்.

இனி நம் கரைக்கு வருவோம். பழவேற்காடு ஏரி இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயல். பெரும்பகுதி ஆந்திரத்தில், தென்முனை நம்மிடம். குளிர்காலத்தில் பூநாரை அங்கே ஆயிரக்கணக்கில் கூடும். சூளூர்ப்பேட்டையில் அதன் பெயரில் திருவிழாவே நடக்கிறது. முகத்துவாரம் மணலடித்து மூடிக்கொண்டால் நீரின் உப்பு மாறும், மீனவருக்கும் பாடு, பறவைக்கும் பாடு. கோடியக்கரையில் ஒரு காலத்தில் பல பத்தாயிரமாக வந்தவை பின்னாளில் வெகுவாகக் குறைந்துவிட்டன என்பது அங்கே நெடுங்காலம் வளையமிட்டுவந்த பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தாரின் அனுபவம். சேற்றுவெளிக்கு வந்துசேரும் நன்னீர் குறைந்தது, உப்பளம் பெருகியது என்று காரணம் சொல்கிறார்கள்.

இலங்கையின் தென்கரையில் நடந்தது இதற்கு நேர் எதிர். புந்தல என்ற இடம் 1990இல் ராம்சர் என்ற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த அந்நாட்டின் முதல் ஈரநிலமானது, பூநாரைக்குப் பேர்போன இடம். மேலே கிரிந்தி ஓயாவில் பாசனத் திட்டம் வந்தது. வயலில் பாய்ந்த நீர் வடிந்து காயல்களுக்குள் இறங்கியது. உப்பு குறைந்தது, இறாலும் புழுவும் போயின, பூநாரையும் போய்விட்டது. நீர் நல்லதானதால் விரட்டப்பட்ட பறவை! கென்யாவின் சோடா ஏரிகளிலும் அண்மைக் காலத்தில் நீர்மட்டம் ஏறி, பாசி நீர்த்து, கூட்டங்கள் இடம் பெயர்ந்திருக்கின்றன. ஆகவே உப்பு இருந்தால் போதும் என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மழையில் இறங்கி, வெயிலில் ஏறும் உப்பு வேண்டும். அந்த ஏற்ற இறக்கத்தை அணையாலோ, நிரந்தரப் பாத்தி வரப்பாலோ நிறுத்திவிட்டால் பறவை கணக்கை முடித்துக்கொண்டு கிளம்பிவிடும்.

சில நேரம் நாம் கெடுத்த நீரிலும் அது வந்து நிற்கிறது. மும்பையின் தானே கழிமுகத்தில் 1990களிலிருந்து பூநாரைகள் குவிகின்றன. மாநகரத்தின் கழிவு பாசியை வளர்க்க, பாசி பூநாரையை அழைத்தது. 2015இல் அதைச் சரணாலயமாக்கினார்கள். 2024 மே மாதத்தில் காட்கோபர் பக்கம் தரையிறங்கிக்கொண்டிருந்த விமானத்தில் மோதி ஒரே இரவில் சுமார் 40 பறவைகள் இறந்தன. நகரத்தோடு ஒட்டி வாழ்வதற்கு இது விலை.

நம்பிக்கை தரும் சங்கதியும் உண்டு. பிரான்சின் கமார்க் பகுதியில் கூடு கட்டும் திட்டுகள் கரைந்து, பூநாரை முட்டையிடுவதையே நிறுத்திவிட்டிருந்தது. 1970இல் உப்பளக் காயலுக்குள் செயற்கைத் தீவொன்று கட்டினார்கள். பறவை திரும்பிப் பார்க்கவில்லை. மனிதர்களே சேற்றைக் குழைத்துப் பொய்க்கூடுகள் செய்து வைத்தார்கள். 1974இல் பூநாரைகள் வந்து அமர்ந்தன. பக்கத்தில் தன் இனத்தின் கூடுகள் இருந்தால்தான் இந்தப் பறவைக்குத் தைரியம். நம் அரசும் 2025 ஜூனில் தனுஷ்கோடியில் சுமார் 525 ஹெக்டேர் பரப்பைப் பெரிய பூநாரைச் சரணாலயமாக அறிவித்திருக்கிறது. 1964 புயலுக்குப் பின் மனிதர் கைவிட்ட முனை அது. பூநாரைக்குப் பொருத்தமான முகவரி.

பார்க்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. தை, மாசி நல்ல மாதங்கள். காலை வெயில் ஏறுவதற்குள் போங்கள், இல்லாவிட்டால் கானல் அலையில் வெறும் ரோஜா நிறக் கோடுதான் தெரியும். தொலைநோக்கி எடுத்துக்கொள்ளுங்கள். சேற்றில் இறங்காதீர்கள், லெஸ்லி பிரவுன் கதை நினைவிருக்கட்டும். சிறகின் சிவப்பு படத்தில் விழ வேண்டும் என்று கைதட்டியோ டிரோன் விட்டோ கூட்டத்தைக் கிளப்புகிறவர்கள் இருக்கிறார்கள். பூநாரை நீர்மேல் சில எட்டு ஓடித்தான் எழ முடியும், அத்தனை கனம். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் அது சேர்த்த தீனியில் ஒரு பங்கு கரைகிறது. கையில் காமிரா உள்ள நண்பர்கள் இதை மற்ற நண்பர்களுக்கும் சொல்லுங்கள்.

என் நேரம் முடிந்துவிட்டது. முன்வரிசையில் ஒரு சிறுமி வெகுநேரமாகக் கையைத் தூக்கியபடி இருக்கிறாள். முதல் கேள்வி அவளுடையது.